பதிமூன்றாம் வாய்ப்பாடும் நேசையா சாரும்

நேசையா சார் பாளையங்கோட்டையில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வகுப்பில் வாய்ப்பாடு தெரியாதவன் பெஞ்சை விட்டு இறங்கியதில்லை. இப்பேர்ப்பட்ட மனுஷன் கடைசியில் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவே, மொத்தமே நாற்பத்தோரு பிள்ளைகள் படிக்கிற ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடம். அங்கே பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது, மணிகூடக் கிடையாது. எல்லாருக்கும் பசித்தால் அது சாப்பாட்டு நேரம்.

பள்ளியை நடத்துகிற ஸ்வீட்லின் அவருடைய பழைய மாணவிதான். "இந்தப் பள்ளிக்கூடத்தையே உங்களாலதான் சார் ஆரம்பிச்சேன்" என்று அவள் சொன்னபோது சார் நெகிழ்ந்துபோய்விட்டார். பதிமூன்றாம் வாய்ப்பாட்டுக்காக அவளை ஒரு மாதம் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியது ஞாபகத்துக்கு வர அவருக்குப் பத்து நாள் ஆனது. அப்புறம் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

அங்கே சட்டம் இரண்டே இரண்டுதான். கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கூடாது, திருப்பிக் கேள்விதான் கேட்க வேண்டும். மனப்பாடம் அறவே கூடாது. மனப்பாடம் செய்யவைக்கிற ஆசிரியர் பருவ முடிவில் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஜூன் மாதமே சாருக்கு ஓர் எச்சரிக்கை வந்துவிட்டது. வேலை போனால் வீட்டில் மனைவி சாலோமி பக்கத்தில் உட்கார்ந்து நாளுக்கு ஆறு சீரியல் பார்க்க வேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வார். இந்தப் பிள்ளைகளைப் பிரிவதைத்தான் தாங்க முடியாது. முப்பத்திரண்டு வருஷத்தில் பிள்ளைகள் அவரைக் கண்டு ஓடியதையே பார்த்தவர். ஓடி வந்ததை இங்கேதான் முதலில் பார்த்தார்.

பாடத்திட்டத்துக்குப் பெயர் 'ஒரு பருவம், ஓர் உயிர்'. ஒவ்வொரு வகுப்பும் ஓர் உயிரைத் தேர்ந்தெடுத்து, பருவம் முழுக்கக் கவனித்து, கண்டதைச் சார்ட்டில் எழுதி, எல்லாப் பாடத்தையும் அதை வைத்தே படிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு, பக்கத்து வயல் ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் எருமையை எடுத்துக்கொண்டது. அது குடிக்கிற தண்ணீர் கணக்கு, போடுகிற சாணி அறிவியல், போகிற வழி புவியியல். மூன்றாம் வாரத்திலிருந்து பிள்ளைகளைக் கண்டாலே எருமை வாய்க்காலில் இறங்கிவிடும். ஏழாம் வகுப்புக்கு மீன்கொத்தி. எட்டாம் வகுப்பு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"ஏட்டி, என்ன உயிர் எடுத்திருக்கிய?" என்று சார் அந்த வகுப்பு ஃபெபியிடம் கேட்டார்.

"நீங்க என்னன்னு நெனைக்கிய சார்?" என்றாள் அவள். சார் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆனால் பழகின கையும் வாயும் சும்மா இருக்குமா? மத்தியானம் எட்டாம் வகுப்பை 'ஆற்று நடை' என்று கூட்டிக்கொண்டு போவார். பள்ளிக்கூடம் கண்ணுக்கு மறைந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதுதான் அடையாளம். உடனே பன்னிரண்டு பிள்ளைகளும் காலடிக்கு ஒரு வரியாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போவார்கள். தாமிரபரணிக் கரையில் துணி துவைக்கிறவர்களுக்குக்கூடப் பதினைந்து வரை பாடமாகிவிட்டது.

செப்டம்பரில் அங்கீகாரம் புதுப்பிப்பதற்காகச் செந்தில்முருகன் என்ற அதிகாரி வந்தார். ஸ்வீட்லினும் சாரும் பின்னால் வர, நேரே எட்டாம் வகுப்புக்குள் நுழைந்து, "பதிமூணு ஏழு எத்தனை?" என்றார்.

தாஜ் முகம்மது மரியாதையாக எழுந்து நின்றான். "அது எதுக்கு சார் உங்களுக்கு வேணும்?"

"எனக்கா?"

"நீங்க எத்தனைன்னு நெனைக்கிய சார்?" என்று ஃபெபி உதவிக்கு வந்தாள்.

"தொண்ணூத்தி ஒண்ணு" என்று அதிகாரியே சொல்லிவிட்டார்.

"அதை எப்படி சார் கண்டுபிடிச்சிய?" என்றாள் ஃபெபி.

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? மனப்பாடம்தான்."

வகுப்பே அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. "பரவாயில்ல சார்" என்று தாஜ் ஆறுதல் சொன்னான்.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. பேனா மூடியைத் திறந்தார். "பிள்ளையளுக்குக் கணக்கே தெரியலன்னு எழுதிரட்டுமா மேடம்? அப்புறம் அங்கீகாரம் கிடைக்காது."

ஸ்வீட்லின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சார் அவள் முகத்தைப் பார்த்தார். பெஞ்சு மேல் நின்றபோது அவள் முகம் இப்படித்தான் இருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு பதிமூணு பதிமூணு!" என்று வகுப்பு கிளம்பியது. கூரையில் இருந்த புறா பறந்துவிட்டது. பதிமூன்று முடிந்து பதினான்குக்குள் போகும்போது அதிகாரியும் காலால் தாளம் போட்டுக்கொண்டு கூடவே சொன்னார். பதினைந்து முடிந்ததும், "இதுல்லா பள்ளிக்கூடம்" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பினார்.

அவர் ஜீப் மறைந்ததும் சார் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சிரும்மா. நான் மூட்டையைக் கட்டிருதேன்."

"எட்டாங்கிளாஸ் சார்ட்டை நீங்க இன்னும் பாக்கலையே சார்" என்றாள் ஸ்வீட்லின்.

ஃபெபி சுருட்டி வைத்திருந்த சார்ட்டைச் சுவரில் விரித்துப் பிடித்தாள்.

உயிர்: நேசையா சார்.
உணவு: தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய்.
நடமாட்டம்: சாப்பாட்டுக்குப் பின் ஆற்றங்கரை.
அஞ்சுவது: 'உங்க மனசுக்கு எப்படி இருக்கு சார்' என்ற கேள்வி.
கண்டறிந்தது: பதிமூன்றாம் வாய்ப்பாடு சொன்னால் கூன் நிமிர்ந்து இரண்டு அங்குலம் வளர்கிறார்.
பராமரிப்பு: தினம் ஒரு வேளை வாய்ப்பாடு போதும். யாரையும் பெஞ்சில் ஏற்றுவதில்லை. பயமில்லாமல் வளர்க்கலாம்.

கீழே ஜூன் மாதத்திலிருந்து வாரம் தவறாமல் ஸ்வீட்லினுடைய கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் மேலே, 'நல்ல கவனிப்பு. தொடரவும்.'

சார் படித்து முடித்தார். கண் கலங்கியதால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவுதான், பிள்ளைகள் மறுபடியும் "ஒரு பதிமூணு பதிமூணு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். இந்தத் தடவை ஸ்வீட்லினும் சேர்ந்துகொண்டாள். ஏழு வரை நன்றாகத்தான் வந்தாள். எட்டில் திக்கி, பழைய பயத்தோடு சாரைப் பார்த்தாள்.

சார் பைய அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"நீ எத்தனைன்னு நெனைக்கம்மா?" என்றார்.