மஞ்சள் கட்டிய வேம்பு

ரோகிணி தண்ணீர்க் குடத்தோடு கேட்டைத் திறந்தபோது, வாசல் வேம்பை நான்கு பெண்கள் வலம் வந்துகொண்டிருந்தார்கள். திருநகரின் அந்தத் தெருவுக்கு இப்போதெல்லாம் பால் பாக்கெட்டுக்கு முன்னால் பக்தி வந்துவிடுகிறது.

எல்லாம் அவள் செய்த வேலைதான். போன சித்திரையில் சாக்கடை கட்ட வந்தவர்கள், தெருவின் மேற்கு வரிசை மரங்களில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். முதலில் வேம்பு, அடுத்து இரண்டு புங்கை, கடைசியில் ஒரு வாகை. புங்கைகள் அவள் வீட்டுச் சன்னலுக்கு நேராக நின்றன. பக்கவாதத்தில் படுத்த கணவர் விஸ்வநாத்துக்கு அந்தச் சன்னல்தான் உலகம். பேச்சு குழறினாலும் அணிலைப் பார்த்துவிட்டால், "ரோ, பாரு" என்பது மட்டும் தெளிவாக வரும். ரோகிணி மனு கொடுத்தாள். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறு வழி தெரியாமல் ஒருநாள் விடிவதற்கு முன் வேம்பில் மஞ்சள் துணியைச் சுற்றி, குங்குமம் அப்பி, சின்னதாக ஒரு சூலத்தையும் நட்டுவைத்தாள். வேலைக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, மரமில்லாத எதிர்ப்பக்கம் பள்ளம் தோண்டப் போய்விட்டார்கள். அதைச் சொன்னபோது விஸ்வநாத் கோணிய வாயால் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு எத்தனையோ நாளாகியிருந்தது.

ஆடியில் எதிர்வீட்டு அன்னக்கொடி மரத்தடியில் கூழ் ஊற்றினாள். விஸ்வநாத் விழுந்த அன்று காலில் செருப்பில்லாமல் ஆட்டோ பிடிக்க ஓடியவள் அவள்தான். கூழ் ஊற்றிய அடுத்த வாரமே அவள் மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? வேம்பைச் சுற்றிச் சிமெண்டுத் திண்டு வந்தது, அதன்மேல் டைல்ஸ் வந்தது, கும்பிட வருகிறவர்கள் நனையாமலிருக்கத் தகரக் கொட்டகை போடுவது என்று முடிவானது. கொட்டகைக்குப் புங்கைகள் இடைஞ்சல் என்றார்கள். ரோகிணி அன்னக்கொடியிடம் ஓடினாள்.

"அது சாமியில்ல அன்னக்கொடி. மரத்த வெட்டிரக் கூடாதேன்னு நான்தான் துணியக் கட்டுனேன்."

அன்னக்கொடி கோபப்படவில்லை. ரோகிணியின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க எங்கக்கா கட்டுனீக? ஆத்தா ஒங்க கையால கட்டிக்கிட்டா. இம்புட்டு வீடு இருக்கு, ஒங்களத்தானே எழுப்பி விட்ருக்கா."

"புங்கையும் போயிட்டா அவருக்குப் பாக்க என்ன இருக்கு?"

"ஆத்தாவப் பாத்துக்கிட்டே படுத்திருக்கட்டும்க்கா. எந்திரிச்சு நடப்பாக, பாருங்க."

அவள் மனதார நம்பிச் சொன்னாள். சண்டைக்கு வந்திருந்தால்கூட ரோகிணி தாங்கியிருப்பாள்.

புங்கைகளை வெட்டிய அன்று சன்னலைச் சாத்திவைத்தாள். ரம்பச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. விஸ்வநாத் சன்னல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கல் வைக்க இடம் வேண்டுமென்று பின்னாலேயே வாகையும் போனது. இப்போது சன்னலைத் திறந்தால் தகரம்தான். வெயில் ஏறினால் அது அறைக்குள் பளீரென்று அடிக்கிறது. "கண்ணு கூசுது" என்று அவர் ஒரே ஒரு முறை சொன்னார். தானாகப் புரள முடியாது. தினமும் காலையில் அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்க வைப்பவள் ரோகிணிதான். அப்போதெல்லாம் அவளுக்குத் தன் கைகளையே வெட்டிப் போடலாம் போலிருக்கும்.

மிச்சமிருக்கும் வேம்பும் சரியில்லை. மாசியில் உதிர வேண்டிய இலை ஐப்பசியிலேயே கொட்டுகிறது. அதையும் பிரசாதமென்று முந்தானையில் முடிந்துகொண்டு போகிறார்கள். அடிமரத்தை ஒட்டி நாலு டைல்ஸையாவது பெயர்த்துவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். ஆத்தா காலடி சேறாகிவிடும் என்றார்கள்.

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ரோகிணி குடத்தைச் சாய்த்தாள். ஒரு சொட்டு இறங்கவும் மண் இல்லை. தண்ணீர் டைல்ஸில் வழுக்கி, திண்டிலிருந்து வழிந்து, தார் ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கத்துப் புதுச் சாக்கடையை நோக்கி ஓடியது. பின்னால் நின்ற அன்னக்கொடி குனிந்து, ஓடும் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தன் குடத்தையும் தூக்கி வந்து, அதே இடத்தில் ஊற்றினாள்.