பதினைந்து நிமிட முகம்

...ஒரு விரல் காட்டினால் நன்றாக இருக்கிறேன், இரண்டு விரல் காட்டினால் உடனே எடுத்துவிடுங்கள் என்று ஏழாம் வகுப்பு முழுக்கக் கேட்கும்படிதான் சொல்லிவைத்தாள் மேகலா, அப்புறம் எதற்கு இந்தப் பயம், மூக்குத் துவாரம் இரண்டும் திறந்துதானே இருக்கின்றன, எழில்மொழியின் மார்பு ஏறுகிறது... இறங்குகிறது... மருந்துக்கடையில் வாங்கிய மாவுக்கட்டுத் துணியைத் துண்டு துண்டாக நறுக்கி, தண்ணீரில் நனைத்து, எண்ணெய் தடவிய முகத்தில் மூன்று அடுக்காக ஒட்டியாயிற்று, இறுகுவதற்குப் பதினைந்து நிமிடம், கழற்றினால் அவள் முகத்தின் அச்சு அப்படியே கிடைக்கும், வண்ணம் தீட்டினால் ஆண்டுவிழாவுக்கு முகமூடி, எல்லாம் சரி, நான்கு நிமிடம்தானே போயிருக்கிறது. யார் முதலில் படுக்கிறீர்கள் என்று கேட்டபோது இவள் ஏன் கையைத் தூக்க வேண்டும், வேறு பிள்ளையாக இருந்தால் மேகலா இப்படிக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள், தை பிறந்து சம்பா அறுப்பு முடிந்ததும் இவள் அப்பா குணசேகரனுக்கும் மேகலாவுக்கும் கல்யாணம், மன்னார்குடியில் மண்டபம்கூடப் பார்த்தாயிற்று, பாப்பாகிட்ட நான் பேசிக்கிறேங்க, நீங்க கவலைப்படாதீங்க என்று அவர் சொல்லி இரண்டு மாதமாகிறது, பேசினாரா, பேசியிருந்தால் இவள் ஏன் இன்னும் டீச்சர் டீச்சர் என்று அதே பழைய குரலில்... வேறு எப்படிக் கூப்பிடுவாளாம்.

"எழில் இவ்ளோ நேரம் வாயை மூடியிருக்கிறது இதான்டா முதல் தடவ" என்றான் மூஸா. "எந்திரிச்சு வந்து குடுப்பா பாரு உனக்கு" என்றாள் ஆயிஷா. வகுப்பே சிரித்தது, மேகலாவும் சிரித்தாள், அப்போதுதான் ராஜராஜன் சொன்னான், "டீச்சர், இவ வடக்க தலை வச்சுல்ல படுத்திருக்கா." சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

ஜன்னல் வெளிச்சம் விழட்டும் என்றுதான் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டாள், திசையைப் பார்க்கவில்லை, தூக்கத்தில்கூட வடக்கே தலை வைக்காத ஊரில் வளர்ந்தவளுக்கு அதெப்படி மறந்தது, இப்போது பார்த்தால்... கண்ணில்லாத, வாயில்லாத ஒரு வெள்ளை முகம், பக்கவாட்டில் நீட்டிய கைகள், சுற்றிலும் நின்று குனிந்து பார்க்கிற தலைகள், ஐயோ, இதை எங்கே பார்த்தோம் என்று யோசிக்க வேண்டியதேயில்லை, நான்கு வருடத்துக்கு முன்னால் இவர்கள் வீட்டுக் கூடத்தில், இவள் அம்மா ஈஸ்வரியைக் கிடத்தியிருந்தபோது, மாலையோடு போய் நின்ற ஆசிரியர்களில் மேகலாவும் ஒருத்தி, மூன்றாம் வகுப்புப் படித்த இந்தப் பிள்ளை அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், அவளுக்கு இனிமே கேக்காதுடி தங்கம் என்று ஒரு அத்தைக்காரி இழுத்துப் போனாள், அது இவளுக்கும் இப்போது உள்ளே ஞாபகம் வந்திருக்குமோ, அந்த இருட்டுக்குள்ளே வந்திருந்தால், இனி என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதுதானே ஞாபகம் வரும், ஒரே வீட்டில், தினமும்... மேகலா சட்டென்று குனிந்தாள். "எழில், எடுத்துடவாம்மா?" தொடையோரத்தில் கிடந்த கை அசைந்தது, ஒரு விரல், ஒன்றுதான். மூச்சு வந்தது மேகலாவுக்கு, வந்த மூச்சோடு, வேறு யாருக்கும் கேட்காதபடி, அதுவும் வந்துவிட்டது. "நான் உங்க வீட்டுக்கு வர்றேன்னு அப்பா சொன்னாங்களா? உனக்குச் சம்மதமா?"

விரல் எழவில்லை. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. வாயை அடைத்துவிட்டா ஒரு பிள்ளையிடம் இதைக் கேட்பது, மேகலாவுக்குக் காது சுட்டது, ஒன்பது நிமிடம், பத்து, கடிகார முள் ஏன் இப்படி மிதிபட்ட நத்தையாக... பதினைந்தானதும், "மெல்ல முகத்தச் சுளிம்மா" என்றாள், ஓரங்கள் விட்டுக்கொடுத்தன, அச்சு கழன்று கைக்கு வந்தது, உள்ளிருந்து சிவந்துபோன ஒரு முகம் கண்ணைச் சிமிட்டியது. ஆயிஷாவும் மூஸாவும் அச்சை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓட, வகுப்பே பின்னால் ஓடியது.

"வடக்க தலைன்னு படுக்கும்போதே தெரியும் டீச்சர்."

"அப்புறம் ஏம்மா படுத்த?"

"சும்மா... உள்ள எப்படி இருக்கும்னு பாக்கத்தான்." புருவத்தில் ஒட்டிய வெள்ளைத் துகளை எழில் உதிர்த்தாள். "இருட்டா இருந்துச்சு. ஆனா எல்லாம் கேட்டுச்சு. மூஸா சொன்னது, ராஜராஜன் சொன்னது, நீங்க கேட்டது. அப்ப அம்மாவுக்கும் கேட்டிருக்கும்ல டீச்சர், அன்னைக்கு நான் சொன்னது?"

இத்தனை நேரமும் இந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லுமோ என்றுதானே பயந்தாள், தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று எங்கே நினைத்தாள், மாவு காய்ந்து விறைத்த கையில் ஒரு விரல் மட்டும் தானாக உயர்ந்தது, அது உண்மையா பொய்யா என்று மேகலாவுக்குத் தெரியாது. எழில் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கி, பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தாள். "திருப்பிப் போட்ருவோம் டீச்சர். அடுத்து படுக்கிறவங்க பயப்படுவாங்க." மேகலா மறு முனையைத் தூக்கினாள், பாதி திருப்பிய பிறகுதான் நினைவு வந்தது, தான் கேட்டதற்கு இன்னும் எழிலின் விரல் எழவில்லை.