இன்னும் சரியாகாத பொம்மை

குயிலாப்பாளையத்தில் அரங்கநாதன் நடத்தும் மரப்பொம்மைப் பட்டறையில் புதுப் பொம்மைகளை யோசித்துச் செய்து பார்ப்பது கலையரசியின் வேலை. அந்தக் கோடையில் அவர் ஒன்று கேட்டார். குழந்தைகள் தாங்களே கட்டிப் பிரிக்கிற பொம்மையாக இருக்க வேண்டும். ஆணி, திருகு, பசை எதுவும் கூடாது. கலையரசி விழுப்புரம் கடைத்தெருவில் எலாஸ்டிக் கயிறு வாங்கிவந்து துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையிலும் எலுமிச்சம்பழ அளவு மரமணியைக் கோத்து முடிந்தாள். முடிச்சு மணிக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. வேப்பங்கட்டைகளின் ஓரத்தில் மெல்லிய பிளவு போட்டாள். கயிற்றை இழுத்துப் பிளவில் நுழைத்து விட்டால், மணி வெளியே தங்கும். கயிறு இரண்டு கட்டைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அப்படிக் கட்டிய ஒட்டகத்தின் கழுத்தை வளைத்துவிட்டுக் கையை எடுத்தால், அது ஆடி ஆடி மறுபடி நிமிர்ந்தது.

அரங்கநாதனுக்குப் பிடித்துவிட்டது. ஏழெட்டு வயதுப் பிள்ளை யாரிடமாவது கொஞ்ச நாள் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். கலையரசியின் மகனுக்கு மீசை அரும்பிவிட்டது. அவள் சற்று யோசித்துவிட்டு, "எங்க அக்கா பொண்ணு இருக்கா சார், திண்டிவனத்துல" என்றாள். சொல்லிவிட்டுப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

அந்தப் பெண் செம்மொழி, கலையரசி பெற்றவள்தான்.

அக்கா இசைவாணிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை தங்கவில்லை. கலையரசிக்கு இரண்டாவது பிரசவம் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நடந்தபோது, இசைவாணி தான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுக் கூடவே இருந்தாள். தூக்கிய குழந்தையை அவள் கீழே விடவே இல்லை. பசிக்கு மட்டும் கொண்டுவந்து கொடுப்பாள்; கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்பாள். யாரும் கேட்கவில்லை. கலையரசிதான் ஒருநாள் புருஷன் தென்னரசுவிடம் பேசி, அவனும் தலையாட்டியபிறகு, "நீயே வளர்த்துக்க அக்கா" என்றாள். கோர்ட்டில் முறைப்படி எழுதிக் கொடுத்தார்கள்.

பால் வற்றுவதற்குள் கலையரசி பட்ட பாடு பெரிது. அடிக்கடி திண்டிவனத்துக்கு ஓடினாள். அவள் திரும்பிப் போன ராத்திரியெல்லாம் குழந்தை அழுதது. இப்படி அடிக்கடி வர வேண்டாம் என்று அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதிலிருந்து பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் என்று ஆயிற்று. பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை சித்தி.

பொம்மைச் சமாச்சாரத்தைப் போனில் சொன்னபோது இசைவாணி முதலில் எத்தனை வாரத்துக்கு என்று கேட்டாள். பிறகு, வேலைதானே, வா என்றாள்.

முதல் சனிக்கிழமை செம்மொழியால் கயிற்றை இழுக்கவே முடியவில்லை. பல்லைக் கடித்து இழுத்தாள். மணி நழுவி நகத்தில் சுள்ளென்று அடித்தது. கலையரசியின் கை நீண்டது. அதற்குள் இசைவாணி குழந்தையின் விரலைப் பிடித்து ஊதத் தொடங்கியிருந்தாள். கலையரசி நீட்டிய கையால் கீழே உருண்ட மணியை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை இளகின கயிறாகப் போட்டு எடுத்துப்போனாள். இந்தத் தடவை செம்மொழி கட்டிக்கொண்டே போனாள். பாலம், அதன்மேல் ரயில், ரயிலுக்கு நாலு கால். நாக்கு நுனியை மடித்துக் கடைவாய்ப் பல்லில் வைத்துக்கொண்டு வேலை செய்தாள். கலையரசிக்கும் அதே பழக்கம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இசைவாணியின் புருஷன் மணிமாறன் இருவரையும் பார்த்துச் சிரித்து, "ரெண்டு பேரும் அப்படியே..." என்று ஆரம்பித்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உண்மையில் பொம்மை அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை கலையரசி அரங்கநாதனிடம், பிளவின் ஓரம் கை கீறுகிறது என்றாள். அதற்கடுத்த வாரம் சாயம் சரியில்லை என்றாள். சனிக்கிழமை காலையில் திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு என்ன குறை கண்டுபிடிப்பது என்று யோசித்துக்கொண்டே போவாள். வீட்டுக்குத் திரும்பியதும் சுருண்டு படுத்துக்கொள்வாள். தென்னரசு எதையும் கேட்காமல், சாப்பாட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வான்.

பிறகு அவள் குறை தேடவே தேவையில்லாமல் போயிற்று. "சித்தி, இது கழண்டுக்குது" என்று செம்மொழியே மணிகளைத் தனியாகவும் கயிற்றைத் தனியாகவும் கொண்டுவந்து காட்டினாள். கலையரசி இரட்டை முடிச்சுப் போட்டாள். அடுத்த வாரமும் அவிழ்ந்திருந்தது. பட்டறையில் அதே கயிற்றில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள், அசையவில்லை. இங்கே நிற்கிற முடிச்சு அங்கே மட்டும் எப்படி அவிழும் என்று அரங்கநாதன் கேட்டார். தெரியவில்லை என்றாள். தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசையும் இல்லை. ஆயுத பூஜை லீவுக்குள் கடைகளுக்குச் சரக்கு போயாக வேண்டும், இந்த வாரத்தோடு முடித்துவிடு என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கடைசிச் சனிக்கிழமை என்று நினைத்துக்கொண்டுதான் அன்று போனாள். செம்மொழி கூடத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். இசைவாணி தங்கையைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். மல்லாட்டைக் கடலையை வறுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"அந்த முடிச்சு தானா அவிழலை, கலை."

கலையரசி கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"நீ வர்றதுக்கு மொத நாளு பார்த்தேன். ஊக்கை வச்சி நோண்டிக்கினு இருந்தா. ஏண்டி இப்படிப் பண்றேன்னு கேட்டேன். சரியாயிட்டா சித்தி வராதுல்லன்னா."

அடுப்பில் மல்லாட்டை வெடித்தது. கலையரசி அரிசி டிரம்மின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. உள்ளே எங்கோ சந்தோஷம் பொங்குவதும், அக்கா எதிரில் அப்படிப் பொங்குவது தப்பு என்பதும் சேர்ந்தே தெரிந்தது.

"நானும் பொய்தான் சொல்லிக்கினு இருந்தேன் அக்கா. அது எப்பவோ சரியாயிடுச்சு."

"தெரியும்." இசைவாணி அடுப்பை அணைத்தாள். "ஏன் பொய் சொல்றேன்னு அப்பவே உன்கிட்ட கேட்டிருக்கணும். கேக்கலை, பயம். நீதான் பெத்தவன்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயமில்ல. தெரியாமலே உன்கிட்ட வந்துடுவாளோன்னு."

கலையரசி, "வர மாட்டா. காய்ச்சல்னா உன் முந்தானையைத்தான் பிடிப்பா" என்றாள். அது உண்மை. போன பொங்கலுக்கு அவள் கண்ணாலேயே பார்த்தது.

இசைவாணி மல்லாட்டையைத் தட்டில் கொட்டித் தங்கையின் மடியில் வைத்தாள். "பொம்மை முடிஞ்சா முடியட்டும். நீ மாசத்துக்கு ஒருதரமாச்சும் வா. சும்மாவே வா" என்றாள்.

ஊருக்குத் திரும்பியதும் கலையரசி அரங்கநாதனிடம் பிள்ளைகள் ஊக்கால் முடிச்சை நோண்டி எடுக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். அது நிஜமான குறைதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். மணியின் துளையில் சின்ன மரக்குச்சியை அடித்து முடிச்சை உள்ளேயே அடைத்தார்கள். பொம்மை கடைகளுக்குப் போனது. கோட்டக்குப்பத்தில் ஒரு கடை வாசலில் அவள் கட்டிய ஒட்டகம் கயிற்றில் தொங்குவதை அவளே பஸ்ஸிலிருந்து பார்த்தாள்.

ஐப்பசியில், கையில் பை எதுவும் இல்லாமல் திண்டிவனம் போனாள். இசைவாணி சீப்பையும் ரிப்பனையும் அவள் கையில் கொடுத்து, "சீவிவிடு, நான் கடைக்குப் போய்ட்டு வர்றேன்" என்றாள். கேட் சாத்தும் சத்தமும் ஸ்கூட்டி கிளம்பும் சத்தமும் கேட்டன. அக்கா இப்படி இரண்டு பேரையும் தனியாக விட்டுப் போனது அதுவே முதல் தடவை.

கலையரசி குழந்தையைத் தன் கால்களுக்கு நடுவில் உட்கார வைத்துக்கொண்டாள். முடி அடர்த்தியாக, நுனியில் சுருண்டு, தென்னரசுவின் முடிபோல இருந்தது. வகிடு எடுத்தாள், கோணிக்கொண்டு போயிற்று. அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள். கழுத்தருகே ஒரு மச்சம் இருந்தது. பிறந்தபோது அது இல்லை. செம்மொழி பள்ளிக்கூடத்தில் யாரோ பவுனு டீச்சர் தன்னைப் பாடச் சொன்ன கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கலையரசி உம் கொட்டினாள். கதையில் பாதி காதில் விழவில்லை.

ஒரு சடை முடிந்து இரண்டாவது பாதியில் இருக்கும்போது ஸ்கூட்டி சத்தம் கேட்டது. "அம்மா வந்துட்டாங்க" என்று செம்மொழி பாதிச் சடையோடு எழுந்து ஓடினாள். கலையரசியின் விரல்களிலிருந்து முடி நழுவியது. அவள் கைகளை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் இசைவாணி காய்கறிப் பையை இறக்கிக்கொண்டே மகளிடம் சொல்வது கேட்டது: "எதுக்கு நடுவுல ஓடியாந்த? போ, சித்தி பின்னி முடிக்கட்டும்."

செம்மொழி திரும்பி வந்து, கலையரசிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.