கேளாமல் சொன்ன சாட்சி

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியலில் தொடங்கிய தூறல் காலை ஆராதனை வரையிலும் ஓயவில்லை. வானம் ஈயப் பாத்திரத்தின் உட்புறம் போல் மங்கியிருந்தது. காற்று மட்டும் அவ்வப்போது எழுந்து சன்னல் கதவுகளை அடித்துவிட்டுச் சென்றது. இத்தகைய ஒரு நாளில்தான் என் கணவர், நான் இனி எவ்வாறு வாழ வேண்டும் என்பதை என்னைக் கேளாமலே ஊரறியச் சொன்னார்.

எங்கள் சபை ஒரு டயர் கடையின் மாடியில் கூடுகிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இடப்புறம் பெண்களுக்கும் வலப்புறம் ஆண்களுக்குமாகப் போடப்பட்டிருக்கும். பாடல்கள் முடிந்தபின் சாட்சி நேரம் வரும். சாட்சி என்பது, தேவன் செய்த நன்மையையோ தாம் எடுத்த தீர்மானத்தையோ ஒருவர் எழுந்து நின்று சபையாருக்கு அறிவிப்பதாகும். சபையார் 'ஆமென்' என்றவுடன் அது உறுதிப்பட்டுவிடும். அதன்பின் அதை மாற்றுவது கர்த்தருக்குக் கொடுத்த வாக்கை மீறுவதற்கு ஒப்பாகக் கருதப்படும். அவ்வாறு மாற்றியவர் எங்கள் சபையில் எவருமில்லை.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கூட்டத்தில் பேசிப் பழக்கமற்றவர். அன்று எழுந்தபோது, காய்ச்சல் நீங்கியதற்கு நன்றி சொல்லப் போகிறார் என்றே எண்ணினேன். அவரோ, கர்த்தர் தம்மோடு பேசினார் என்றார். உலகத்தின் பள்ளிக்கூடத்திலிருந்து தம் மகளை எடுத்துவிடும்படி கட்டளையிட்டார் என்றார். நாளை முதல் பிள்ளை வீட்டிலேயே படிப்பாள், அவளுடைய தாய் வேலையை விட்டுவிட்டுக் கற்பிப்பாள் என்று சொல்லி முடித்தார்.

அந்தத் தாய் நான்தான். நடைபாதைக்கு இந்தப்புறம், அவர் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்திருந்தேன். செய்தியை மற்றவர்களோடு சேர்ந்து நானும் அப்போதுதான் அறிந்தேன். சபையார் எல்லாரும் 'ஆமென்' என்றனர். முன்வரிசையில் நின்ற மூப்பரின் குரல் எல்லாவற்றையும் விட உரத்துக் கேட்டது. சபையை நடத்தும் அந்த மூப்பர் வேறு எவருமல்லர், என் கணவரின் உடன்பிறந்த அண்ணன்.

படியிறங்கிச் செருப்பைத் தேடியபோது, பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் வந்தது ஞாயிற்றுக்கிழமைக்குப் பொருந்தாத சொல்லாக இருந்திருக்கும். பத்து வயதான என் மகள் என் முந்தானையை இழுத்து, "அம்மா, நாளைக்கு எனக்கு டெஸ்ட் இருக்கே, அதுவும் போச்சா?" என்று கேட்டாள். வாயாடி என்பது வீட்டில் அவளுக்கு நாங்கள் இட்ட பெயர்.

வீட்டிற்கு வந்து கதவைச் சாத்தியபின் காரணம் தெரியவந்தது. முந்தைய வியாழக்கிழமை கணக்குப் பரீட்சை. எங்கள் மகள் எழுதத் தொடங்குமுன் கண்ணை மூடி ஜெபித்திருக்கிறாள். வகுப்பாசிரியை அதைக் கண்டு, "கண்ணை மூடினா விடை உள்ள தெரியுதா?" என்று கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. திரும்பி வரும் வழியில், பைக்கின் பின்னால் அமர்ந்தபடி, அவள் இதைத் தந்தையிடம் கூறியிருக்கிறாள். அவர் உடனே அண்ணனைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். இருவரும் ஜெபித்திருக்கிறார்கள்; இருவரும் முடிவெடுத்திருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ், ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, மூன்று நாட்கள் என்னிடம் மூச்சு விடவில்லை.

ஆசிரியை செய்தது தவறு என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கேட்ட மாத்திரத்தில் எனக்கும் இரத்தம் கொதித்தது. வீட்டில் கற்பிப்பதையும் நான் வெறுப்பவளல்லேன். மூப்பரின் மனைவி தம் பிள்ளைகள் நால்வருக்கும் வீட்டிலேயே கற்பிக்கிறார். அவர்கள் நன்றாகப் பாடுகிறார்கள், நன்றாகக் கணக்கும் போடுகிறார்கள். எனக்குத் தாங்க முடியாதது வேறு. இரண்டு ஆண்கள் தொலைபேசியில் எடுத்த முடிவின்மேல் தேவனுடைய பெயரை ரப்பர் முத்திரை போல் குத்தி, அதை என் தலையில் இறக்கினார்களே, அதுதான்.

"என்னைக் கேட்டீங்களா?" என்றேன்.

"ஜெபிச்சுட்டுத்தான் சொன்னேன்," என்றார்.

"நானும் இந்த வீட்லதான் ஜெபிக்கிறேன். எனக்கு ஒண்ணும் சொல்லலையே அவர்."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மாலையில் மூப்பரும் அவர் மனைவியும் எங்களைப் பார்க்க வந்தார்கள். அந்த அம்மையாரை நான் அக்கா என்று அழைப்பேன். தேநீர் கொடுத்தேன். மூப்பர் அன்பாகவே பேசினார்; அன்பாகப் பேசியதுதான் என்னை மேலும் எரித்தது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நோயாளிகளின் விரிப்புகளை மடித்து அடுக்குவதைக் காட்டிலும், ஓர் ஆத்துமாவை வளர்ப்பது எவ்வளவோ மேலானது என்று விளக்கினார். நான் மடிக்கும் விரிப்பின்மேல் படுப்பவை ஆத்துமாக்கள் இல்லையா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

"அம்மாதான் பிள்ளைக்கு முதல் டீச்சர்மா," என்றார் அவர். "முப்பது வயசு வரைக்கும் எழுத்தே தெரியாம இருந்த உனக்கு, கர்த்தர் எழுத்தைக் கொடுத்தது எதுக்குன்னு நினைக்கிற?"

எழுத்தைக் கொடுத்தவர் கர்த்தர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், டயர் கடை மாடியின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் என் விரலைப் பிடித்து அதை எழுத வைத்தவர், அப்போது அவருக்குப் பக்கத்திலேயே பிஸ்கட் தட்டை ஏந்தி நின்றுகொண்டிருந்தார். அக்கா தரையைப் பார்த்தார்.

"அத்தான், ஒண்ணு கேட்கலாமா?" என்றேன் மூப்பரிடம். "போன மாசம் பெண்கள் கூட்டத்துல நான் ஒரு வசனத்துக்கு விளக்கம் சொல்லிட்டிருந்தேன். நாற்காலி அடுக்க வந்த தம்பிங்க ரெண்டு பேர் பின்னாடி நிக்கிறாங்கன்னு, பாதியில நிறுத்தச் சொன்னீங்க. பெண் போதிக்கக் கூடாதுன்னீங்க. ஒரு வசனமே சொல்லக் கூடாதவ, கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாத்தையும் எப்படிப் போதிக்கிறது?"

"அது சபைம்மா. இது வீடு."

"வீட்டுக்குத் தலை யாரு அத்தான்?"

கணவனே வீட்டுக்குத் தலை என்று அவர் ஒரு மாதம் முழுவதும் பிரசங்கித்திருந்தார். ஆகவே அவரால் வேறு விடை கூற இயலாது. தீர்ந்துபோன தேநீர்க் கோப்பையை எடுத்து மறுபடியும் குடித்தார்.

"அப்ப தலையே கத்துக்கொடுக்கட்டும்," என்றேன். "நான் வேலைக்குப் போறேன்."

அடுப்படி வாசலில் நின்ற வாயாடி சிரித்துவிட்டாள். அக்காவின் கையிலிருந்த தட்டும் சற்றே ஆடியது. என் கணவரின் முகம் சிவந்தது. அண்ணன் முன்னிலையில் பின்வாங்க அவரால் முடியவில்லை.

"சரி, நானே சொல்லித் தரேன்," என்றார். "இத்தனை பேரை ஏத்துற பெட்டியையே மேலயும் கீழயும் ஓட்டுறேன். அஞ்சாம் கிளாஸ் கணக்கா பெரிசு?"

திங்கட்கிழமை காலை பாடம் தொடங்கியது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்னங்களை விளக்குவதற்காக அவர் ஒரு ரொட்டித் துண்டை நான்காக வெட்டி மேசைமேல் வைத்தார். மகள் ஒரு பங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப மீதி என்ன இருக்கு?"

"பசிதான்பா."

அவர் இன்னொரு ரொட்டியை எடுக்கப் போன சமயத்தில் தொலைபேசி ஒலித்தது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்மணி தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார். அத்தகைய அழைப்பிற்கு உடனே போயாக வேண்டும். அவர் என்னைப் பார்த்தார். நான் பையைத் தோளில் மாட்டினேன். "எனக்கு ஷிஃப்ட்," என்று கூறிவிட்டு வாசலைக் கடந்தேன். பிள்ளையைத் தனியே விட இயலாமல், பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார் என்று பின்னர் அறிந்தேன்.

அங்கே நடந்ததை அன்று மாலை அவரே கூறினார். லிஃப்டில் ஒருவர் சிக்கிக்கொண்டால், கதவருகே வெளியே ஓர் ஆள் நின்று அவரோடு இடைவிடாமல் பேச வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் வழக்கம். பேச்சு நின்றால் உள்ளே இருப்பவருக்குப் பயம் ஏறிவிடும். காவலாளி சாவி தேடப் போயிருந்ததால், அவர் மகளைக் கதவருகே நிறுத்திவிட்டு மேல்மாடி இயந்திர அறைக்கு ஏறியிருக்கிறார். பேசுவதற்கு அவளைவிடத் தகுந்த ஆள் கிடைப்பது அரிது. ஒரு கருவியை எடுக்க அவர் மறுபடி இறங்கி வந்தபோது, படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

"ஆன்ட்டி, உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா?" என்று மகள் கதவிடுக்கில் வாயை வைத்துக் கேட்டிருக்கிறாள்.

"ஜெபம் பண்ணா லிஃப்ட் ஓடுமா?" என்று உள்ளிருந்து குரல் வந்திருக்கிறது.

"ஓடாது. அதுக்கு எங்கப்பா மேல போயிருக்காரு. இது நீங்க பயப்படாம இருக்கறதுக்கு."

உள்ளே இருந்தவர் சிரித்துவிட்டாராம். இவளும் கூடவே சிரித்திருக்கிறாள். பிறகு, சிரித்த முகம் மாறாமலே கண்ணை மூடி ஜெபித்திருக்கிறாள்.

இதையெல்லாம் அவர் கைகழுவும் தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "அவளுக்கு ஒண்ணும் ஆகல. கிண்டல் பண்ணாலும் அவ பாட்டுக்கு ஜெபிக்கிறா. அந்த டீச்சர் சொன்னப்பவும் இப்படித்தான் சிரிச்சுட்டு எழுதினாளாம். இன்னைக்குத்தான் சொல்றா."

"அன்னைக்கு நீங்க கேட்டீங்களா?"

"இல்ல."

புண்பட்டது அவளல்லள், இவர்தான் என்பது எனக்கு அப்போது விளங்கியது. அவருக்கும் விளங்கியிருந்தது. அத்துடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். நான் நம்பியது பிழை.

"ஆனா சாட்சி சொல்லிட்டேனே," என்றார்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் மகள் பள்ளி செல்லவில்லை. கட்டடம் கட்டடமாகத் தந்தையோடு சுற்றினாள். லிஃப்டின் பாகங்கள் அனைத்தையும் கற்றுக்கொண்டாள். பின்னம் இருந்த இடத்திலேயே இருந்தது. வியாழக்கிழமை மூப்பர் வந்து, தம்பி தயங்குவதை உணர்ந்து, சபையில் சொன்னதைத் திரும்பப் பெற்றால் நாளை எவருடைய சாட்சிக்கும் மதிப்பிராது என்று எச்சரித்துச் சென்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிள்ளைக்கு எது நல்லது என்று தெரிந்த பிறகும், தம் முகம் வாடக்கூடாது என்பதற்காக அவளை வீட்டில் வைத்திருக்கும் மனிதரை நான் அன்று கண்டேன். தவறான தீர்மானத்தை மன்னிப்பது எனக்கு எளிது. தவறு என்று தெரிந்தே அதைப் பக்தி என்று அழைப்பதை மன்னிக்க என்னால் முடியவில்லை.

சாப்பாட்டை முன்னால் வைத்துவிட்டு எதிரே அமர்ந்தேன்.

"நீங்க கர்த்தருக்குப் பயப்படறீங்களா, உங்க அண்ணனுக்கா?"

அவர் பாதிச் சோற்றில் கையை உதறி எழுந்து போனார். அதன்பின் ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும் வரை எங்களுக்குள் பேச்சில்லை. வாயாடிதான் இருவருக்கும் நடுவே செய்தி கொண்டு போனாள். அதில் தன் கருத்தையும் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாள்.

பதினாறாம் நாள் ஞாயிறு, வெயில் காய்ந்தது. சாட்சி நேரத்தில் என் கணவர் எழுந்தார். மூப்பர் அவரைப் பார்த்த பார்வை, அமர்ந்துவிடு என்றது. அவர் அமரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"போன வாரம் கர்த்தர் பேசினார்னு சொன்னேன்," என்றார். "பேசினது நானும் அண்ணனும். என் மனைவியைக் கேட்கல. பிள்ளையைக் கேட்கல. எங்க பேச்சை அவர் பேர்ல சொன்னதுக்கு மன்னிப்பு கேட்கிறேன். பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகுது."

எவரும் 'ஆமென்' சொல்லவில்லை. அவர் அமர்வதா நிற்பதா என்று அறியாமல் தவித்தார். அந்த வாரத்தில் முதல்முறையாக எனக்கு அவர்மேல் இரக்கம் பிறந்தது. நான் வாயைத் திறக்குமுன், எனக்கு முன்வரிசையிலிருந்து, "ஆமென்," என்று தெளிவாக ஒரு பெண்குரல் எழுந்தது. அக்கா. சொல்லிவிட்டு அவர் கணவரின் பக்கம் திரும்பவில்லை, முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். நானும் சொன்னேன். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர் சொன்னார்கள். மூப்பர் ஏற்கெனவே பாடி முடித்த பாடலையே மறுபடியும் அறிவித்தார். நாங்களும் மறுபடியும் பாடினோம்.

திங்கட்கிழமை மூவரும் பள்ளிக்குச் சென்றோம். எனக்கு அங்கேயும் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. வகுப்பாசிரியை வராந்தாவில் நின்றிருந்தார். இளம் பெண், கை நிறைய விடைத்தாள்கள்.

"டீச்சர், இவ பரீட்சைக்கு முன்னாடி கண்ணை மூடுவா," என்றேன். "நீங்க அதை நம்பணும்னு நான் சொல்லல. ஆனா அதை வெச்சு மத்த பிள்ளைங்களைச் சிரிக்க வைக்காதீங்க."

அது விளையாட்டாகச் சொன்னது என்றார் அவர். சிரித்த பிள்ளைகளுக்கு விளையாட்டு, கேட்டு வீட்டிற்கு வந்தவளின் தந்தைக்கு அப்படி இல்லை என்றேன். அவர் முகம் கன்றியது. இனி அவ்வாறு நடக்காது என்று தாழ்ந்த குரலில் கூறினார். நான் மேலும் சொல்லத் தயாராக இருந்தேன். ஒரு வாரத்துக் கோபம் இன்னும் பாதி மீதமிருந்தது. ஆனால் மகள் என் கையிலிருந்து புத்தகப் பையை உருவிக்கொண்டாள்.

"போதும்மா. பெல் அடிக்கப் போகுது. டெஸ்ட் வேற பாக்கி இருக்கு."

வாசலில் பைக்கருகே நின்ற என் கணவரின் தொலைபேசி ஒலித்தது. எவரோ எங்கோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவர் அதை எடுத்துக் காதில் வைத்து, "பயப்படாதீங்க, வந்துட்டே இருக்கேன், பேசிட்டே இருங்க," என்றார். கண்கள் மட்டும் வராந்தாவைவிட்டு நகரவில்லை. எங்கள் மகள் வகுப்பறைக்குள் நுழைந்தாள். பள்ளி மணி அடித்தது. அப்போது நேரம் காலை எட்டு மணி நாற்பது நிமிடம்.