ஓடிக்கொண்டிருந்த கேமரா

சும்மா பணம் கொடுக்கிற ஆள் உலகத்தில் எங்கேயும் கிடையாது என்பதில் துர்சினிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. அதனால்தான், பன்னிரண்டாவது படிக்கும் மகள் ரெஸ்தி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்து, ஜகார்த்தாவில் இருக்கும் ஏதோ ஒரு கலை அறக்கட்டளை தங்கள் பள்ளிக்கூடப் படக்குழுவுக்குக் குறும்படம் எடுக்க நிதி கொடுத்திருக்கிறது என்று சொன்னபோது, அவள் முதலில் கேட்டது, "பதிலுக்கு நம்மகிட்ட என்ன கேக்குறானுங்க?" என்பதுதான்.

"படம் கேக்குறாங்கம்மா."

"அது சரி. படத்தைத் தவிர?"

"படம் மட்டும்தான். எழுதறது, எடுக்கறது, வெட்டி ஒட்டறது எல்லாம் பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்கதான் செய்யணும். பெரியவங்க நடிக்கலாம், சோறு ஆக்கிப் போடலாம். அவ்வளவுதான்."

"பாத்தியா? சோறு ஆக்கறதுல வந்து நிக்குது."

பின்கட்டில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் கர்சாம் தலையை நீட்டினார். "அப்ப நான் நடிக்கட்டுமா?" என்றார் மகளிடம்.

துர்சினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நீங்களா? வீட்ல சும்மா குந்தியிருக்கற ஆளா வேணா நடிங்க. ஒத்திகையே தேவைப்படாது."

கர்சாமும் சிரித்தார். அவர் எல்லாவற்றுக்கும் சிரிக்கிற மனிதர். மறுபடி மீனிடம் போய்விட்டார்.

அவர்கள் ஊரான புர்பலிங்காவில் இது எல்லாரும் அறிந்த கதை. காலையில் பெண்கள் கும்பல் கும்பலாகப் பொய் இமைமுடித் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்கள். ஆண்கள் இடுப்பில் குழந்தையும் கையில் கோழித் தீவனமுமாகத் தெருவில் நிற்பார்கள். வீட்டுக்கு வீடு இதே நிலைமை என்பதால் ஒருவரை ஒருவர் கேலி செய்வதில்லை. துர்சினி மட்டும் செய்வாள். நாள் முழுக்க நூலில் ஒவ்வொரு முடியாகக் கட்டி, கோணலாக நிற்கும் ஒற்றை முடியைக் கண்டுபிடித்துப் பிடுங்குவது அவள் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. அடுப்படியில், துணிக்கொடியில், புருஷன் முகத்தில் என்று எதையாவது தேடிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கண்ணுக்குத்தான் ஒரு மாதமாகக் கர்சாமிடம் ஏதோ கோணலாகத் தெரிந்தது. சாயங்காலம் அவள் திரும்பும்போது ஆள் வீட்டில் இல்லை. கேட்டால், கூட்டாளி வர்சிதோவின் மீன்குளத்தில் பம்பு ரிப்பேர் என்றார். குளத்தில் இறங்கிப் பம்பு பார்த்தவன் கால்சட்டை எப்படி நனையாமல் இருக்கும்? தலை வேறு படிய வாரியிருந்தது. போதாக்குறைக்குப் பாத்திரம் கழுவும்போது தனக்குள் ஏதோ முணுமுணுத்தார். அவள் வந்ததும் வாய் மூடிக்கொண்டது.

"யாரோட பேசிட்டிருந்தீங்க?"

"யாரோடயும் இல்லியே."

ஒரு நாள் ரொம்ப நேரம் கழித்து வந்தார். அவள் வாசலிலேயே மறித்துக் கேட்டாள். "வர்சிதோ வீட்லதான் இருந்தேன். மழை புடிச்சுக்கிச்சு. நனைஞ்சுட்டு வந்தா நீதானே திட்டுவ, அதான் அங்கயே ஒதுங்கிட்டேன்" என்று ஒரே மூச்சில் சொன்னார். நடுவில் எங்கேயும் தட்டுத்தடுமாறவில்லை. கர்சாம் தட்டுத்தடுமாறாமல் மூன்று வாக்கியம் பேசி துர்சினி கேட்டதே கிடையாது. அன்றைக்கே, இருபது வருஷம் தன்னோடு வாழ்ந்த மனிதனை எவளோ கொத்திக்கொண்டு போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள். எவள் என்பதுதான் பாக்கி.

படப்பிடிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு முன்னறையிலேயே நடந்தது. புருஷனாக நடிக்க வேண்டியவர் ஒரு வாத்தியாரின் மச்சான் என்றும், அவருக்குப் பல்வலி வந்துவிட்டது என்றும், அதனால் அப்பாதான் நடிக்கப்போகிறார் என்றும் ரெஸ்தி சொன்னாள். பெண்டாட்டியாக நடிக்க எதிர்வீட்டு யுலியாதுன் பூப்போட்ட சட்டையும் உதட்டுச் சாயமுமாக வந்து நின்றாள். நடிப்பதற்கு இவ்வளவு சாயம் எதற்கு என்று துர்சினி நினைத்தாள், ஆனால் சொல்லவில்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு மெந்தோவான் பொரித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். மாவில் தோய்த்த தெம்பே என்ற சோயாத் துண்டுகளை அரைவேக்காட்டில் எடுத்துப் பச்சைமிளகாயோடு தட்டில் வைத்துக்கொண்டு அவள் முன்னறைப் பக்கம் வந்தபோது, ரெஸ்தி "ஆக்‌ஷன்" என்றாள்.

யுலியாதுன் கேட்டாள், "நேத்து சாயங்காலம் எங்க போயிருந்தீங்க?"

கர்சாம் சொன்னார், "பக்கத்து வீட்லதான் இருந்தேன். மழை புடிச்சுக்கிச்சு. நனைஞ்சுட்டு வந்தா நீதானே திட்டுவ, அதான் அங்கயே ஒதுங்கிட்டேன்."

துர்சினியின் கையில் தட்டு சாய்ந்தது. ஒரு மெந்தோவான் தரையில் விழுந்தது. பிள்ளைகள் யாரும் திரும்பவில்லை. அதே பேச்சு. வர்சிதோ பேரைத் தவிர எழுத்துப் பிசகாமல் அதே பேச்சு.

"கட்! சூப்பர்ப்பா!" என்றாள் ரெஸ்தி. "இன்னொரு டேக் போலாம். யுலி அக்கா, இந்தத் தடவை அப்பா சட்டைக் கையப் புடிச்சுக்கோங்க."

யுலியாதுன் பிடித்துக்கொண்டாள். நன்றாகவே பிடித்துக்கொண்டாள்.

அடுப்படிக்குத் திரும்பிய துர்சினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. மகளுக்குத் தெரியும். அப்பன் சொன்ன பொய்யைக் காதில் வாங்கி, அதைக் கதையாக எழுதி, ஜகார்த்தாக்காரனிடம் காசும் வாங்கிவிட்டாள். தெரிந்தவள் பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறொருத்தியோடு போன புருஷனைக்கூட மன்னித்துவிடலாம், இந்தப் பெண்ணை எப்படி மன்னிப்பது?

மதியம் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முன்னறை காலியாக இருந்தது. கர்சாமின் பழுப்பு மேலங்கி ஆணியில் தொங்கியது. நடிப்புக்காகக் கழற்றி மாட்டியிருந்தார். மூலையில் கேமரா மூன்று காலில் நின்றது. துர்சினி அதையும் பார்க்காமல் இல்லை. படம் எடுக்கும்போது அதில் சிவப்பாக ஒரு பொட்டு விளக்கு எரியும் என்று தொழிற்சாலையில் விளம்பரம் எடுக்க வந்தவர்களிடம் அவள் கண்டிருக்கிறாள். இதில் எரியவில்லை. அவள் மேலங்கியை ஆணியிலிருந்து எடுத்தாள்.

எல்லாப் பையிலும் கைவிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினாள். வாசலில் யுலியாதுனின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதற்கு அடுத்த வாரம் நிலைமை இன்னும் மோசமானது. ரெஸ்தியும், கேமரா பிடித்த பையன் ஜாலுவும் பள்ளிக்கூடம் விட்டு வந்து முன்னறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்துவிடுவார்கள். காட்சிகளை வெட்டி ஒட்டுகிறார்களாம். துர்சினியின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் கணினி படக்கென்று மூடிக்கொள்ளும். ஜாலு அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு நாள் மெந்தோவான் நீட்டினாள்.

"வேணாம் அத்தை. வயிறு சரியில்ல."

மெந்தோவானை வேண்டாம் என்ற பையனை அவள் அதுவரை பார்த்ததில்லை. அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக் கேட்டாள். "அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள் ரெஸ்தி. "நீதான் சொல்லணும். உங்கம்மா என்னைக் கொன்னே போட்டுருவாங்க" என்றான் ஜாலு.

அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கேமராவில் ஏதோ மாட்டியிருக்கிறது. கர்சாமும் யுலியாதுனும் கொல்லைப்பக்கம் ஒதுங்கினார்களோ, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்களோ, யார் கண்டது? துர்சினி நேராக முன்னறைக்குப் போய் மடிக்கணினி மேல் கையை வைத்தாள்.

"திற."

"அம்மா, இன்னும் முடியலம்மா..."

"முடியாததைத்தான் பாக்கணும். என்கிட்ட மறைச்ச எதுவோ அதைப் போடு."

ரெஸ்தியின் முகம் வெளுத்துப்போனது. "வேணாம்மா. சொன்னாக் கேளு. அப்புறம் நம்ம ரெண்டு பேரு மட்டும் பாக்கலாம்."

"ஏன்? ரெண்டு பேரு மட்டும் எதுக்கு? சம்பந்தப்பட்டவங்களும் பாக்கட்டும்." அவள் பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "என்னங்க! கைவேலையைப் போட்டுட்டு இங்க வாங்க!"

கர்சாம் ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று கதவோரமே உட்கார்ந்தார். பயந்திருந்தார். அந்தப் பயத்தைப் பார்க்கப் பார்க்க துர்சினிக்குத் தன் சந்தேகம் உறுதியாகிக்கொண்டே போனது.

"போடு" என்றாள்.

ஜாலு கணினியைத் திறந்தான். "அத்தை, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வேணும்னு பண்ணல. சுவத்துல வெயில் நகர்றதை எடுத்து வேகமா ஓட விடலாம்னு, சாப்பிடப் போகும்போது கேமராவ ஓட விட்டுட்டுப் போனேன். உள்ள போகாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். நீங்க அடுப்படியில இருந்தீங்க, உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். சிவப்பு விளக்கு அலமாரிக் கண்ணாடியில தெரியுதுன்னு அதுமேல கறுப்பு டேப் ஒட்டியிருந்தோம்..."

துர்சினிக்குப் புரியும் முன்பே படம் ஓடத் தொடங்கிவிட்டது.

திரையில் அவர்கள் வீட்டுச் சுவர். சுவரில் வெயில். ஆணியில் மேலங்கி. ஒரு பெண் உள்ளே வருகிறாள், வாசலை எட்டிப் பார்க்கிறாள். மேலங்கியை எடுத்துக் கழுத்துப்பட்டையை மூக்கில் வைத்து மோப்பம் பிடிக்கிறாள். பிறகு தோளை, பிறகு அக்குளை. பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கிறாள். ஒரு மரையாணி விழுகிறது, ஒரு மிட்டாய்த் தாள். மிட்டாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பிரித்துப் பார்க்கிறாள். உள்துணியின் தையலை விரலால் நெருடுகிறாள். திருடியைப் போல இருந்தாள். தன் வீட்டில் தன் புருஷன் துணியைத் தொடுகிறவள் எப்படித் திருடியாகத் தெரிவாள் என்று துர்சினிக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அப்படித்தான் தெரிந்தாள்.

எதுவும் கிடைக்கவில்லை. திரையில் இருந்தவள் மேலங்கியை மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெயில் சரியாக அவள் முகத்தில் விழுந்தது.

அந்த முகத்தில் நிம்மதி இல்லை. பண்டிகைச் சீட்டில் தன் பெயர் விழாதவள் முகம் போல, சப்பென்று இருந்தது. கிடைக்கும் என்று ஆசைப்பட்டு, கிடைக்காமல் போன முகம். துர்சினிக்கு உடம்பு கூசியது. இந்த முகம் என்னுடையதா என்று ஒரு கணம் கேட்டுக்கொண்டாள். வேறு யாருடையது?

படம் நின்றது. கர்சாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பையை அவள் இழுத்தபோதே தலை குனிந்துவிட்டார், அதற்குப் பிறகு நிமிரவேயில்லை.

"அதை அழிச்சிடும்மா" என்றார் மகளிடம். "ஊரெல்லாம் திரை கட்டிக் காட்டுவீங்க. உங்கம்மாவை நாலு பேரு பேசுவாங்க."

"அப்பா, நீங்க எங்க போனீங்கன்னு முதல்ல அம்மாகிட்ட சொல்லுங்க."

"நீயே சொல்லு."

ரெஸ்தி சொன்னாள். வாத்தியாருக்கு மச்சானே கிடையாது. ஆரம்பத்திலிருந்தே அப்பாதான் நடிப்பதாக இருந்தது. ஒரு மாதமாக வர்சிதோவின் குளத்தோரக் கொட்டகையில் பிள்ளைகளோடு ஒத்திகை. "வீட்ல பண்ணலாம்னுதான் சொன்னேன். நீ சிரிப்பன்னு அப்பா மாட்டேன்னுட்டாரு."

"அந்த மழைக் கதை?" என்றாள் துர்சினி. "படத்துல சொன்ன அதே பேச்சை என்கிட்டயும் சொன்னாரே?"

கர்சாம் காதைச் சொறிந்தார். "நீ திடீர்னு கேட்டியா, எனக்கு ஒண்ணும் தோணல. மனப்பாடம் பண்ணி வச்சிருந்தது அது ஒண்ணுதான்."

ஜாலுவுக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டான். துர்சினிக்கும் வேறொரு நாளாக இருந்தால் வந்திருக்கும்.

"அழிக்க வேணாம்" என்றாள் மகளிடம். "படத்துக்கு வேணும்னா வச்சுக்க. ஊரு பாத்தாப் பாக்கட்டும், எவ வீட்ல எவ பையைத் துழாவாம இருக்கா? ஆனா அந்தக் கடைசி மட்டும் வெட்டிடு. நாற்காலியில உக்காந்ததுக்கு அப்புறம் வர்றது."

ரெஸ்தி தயங்கினாள். "அம்மா, எங்களுக்கு வேண்டியதே அந்த மூஞ்சிதாம்மா. யுலி அக்காவை வச்சு எத்தனை டேக் எடுத்தும் அது வரல."

அப்படியானால் இந்தப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளைகள் ஒரு தாயின் முகத்தில் அதைப் பார்த்துவிட்டு, அதைச் சொல்ல வழி தெரியாமல்தான் ஒரு வாரமாகக் கணினியை மூடி மூடி வைத்திருக்கிறார்கள். பார்க்காதவர் கர்சாம் ஒருவர்தான். இப்போது வெட்டச் சொன்னால் அவர் காலம் முழுக்கப் பார்க்கப்போவதில்லை. கேட்கவும் மாட்டார். நாளைக் காலையில் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல அவளுக்குச் சோறு கட்டிக் கொடுப்பார்.

துர்சினி எழுந்து போய்க் கதவோரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மறுபடி போடு" என்றாள் மகளிடம். "உக்கார்ற இடத்துல இருந்து. என்னங்க, தலையைத் தூக்குங்க. இதைப் பாத்துட்டு என்ன சொல்லணுமோ சொல்லுங்க."

கர்சாம் தலையைத் தூக்கினார். படம் ஓடி முடிந்தது. அவர் அவசரப்படவில்லை. கடைசிக் காட்சி திரையில் அப்படியே நின்றிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் கெடைக்கலன்னு வருத்தமா இருந்துச்சா?" என்றார் மெதுவாக.

"ஆமா" என்றாள் துர்சினி.