ஆளுக்குக் கால் சுற்று

மூன்று வருடமாக எங்கள் வீட்டு ஷெட்டை ஒரு கார் அடைத்துக்கொண்டு நின்றது. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் மெஷினைப் போட்டுக்கொண்டு, தைத்த துணியைக் கட்டில் மேல் அடுக்கி, படுக்கப் போகும்போது அதையெல்லாம் நாற்காலிக்கு மாற்றி, விடிந்ததும் மறுபடி கட்டிலுக்கு மாற்றி, இப்படியே ஓடிக்கொண்டிருந்தது என் பிழைப்பு. ஷெட்டுக்கோ இரண்டு பெரிய ஜன்னல். ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடியே தேவைப்படாத வெளிச்சம். அத்தனை வெளிச்சமும் ஒரு ஓட்டைக் காரின் முதுகில் விழுந்து வீணாகிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

காரைத் தெருவில் நிறுத்தவும் வழியில்லை. தகுதிச் சான்றிதழ் இல்லாத வண்டி தெருவில் நின்றால் மறுநாளே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

கார் என் வீட்டுக்காரருடையது. குடிநீர் அலுவலகத்தில் பில் போடுகிறவர். இருபது வருடமாக அங்கே யாரும் இவரிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குள் நுழைந்தால் மட்டும் ஆளே வேறு. குரல்கூட ஒரு படி ஏறிவிடும்.

கூட்டாளிகள் மூன்று பேர். ஒருவர் பல் டாக்டர். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை இன்ஜினுக்குள் விட்டு, "கொஞ்சம் சொத்தை இருக்கு" என்பார். இரண்டாமவர் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். ஒரு நட்டைக் கழற்றினாலும் மணி போட்டு நோட்டில் எழுதுவார். மூன்றாவது ஆள் என் தம்பி. சலூன் வைத்திருக்கிறான். நனைந்த பிளக்குகளை ஹேர் டிரையரால் காய வைப்பதும் ஊர்க்கதை சொல்வதும் அவன் இலாகா. நாலு பேரும் கார் வேலையைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். அந்தப் புத்தகத்திலும் நடுவில் பதினாறு பக்கம் இல்லை.

கார் இரண்டு தடவை தகுதிச் சோதனைக்குப் போய் மண்ணைக் கவ்வியது. முதல் தடவை பிரேக். இரண்டாவது தடவை புகை. "இது காரா, கொசு மருந்து அடிக்கிற வண்டியா?" என்று கேட்டார் சோதனை அதிகாரி. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். அப்புறம் பழைய இரும்புக்குத்தான். தேதி கொடுத்திருந்தார்கள்: சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குள்.

"சனிக்கிழமை பாஸ் ஆகலேன்னா ஷெட் உனக்கு" என்று அவரே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பாஸ் ஆனால் என்ன என்று நான் கேட்கவில்லை. பாஸ் ஆனால் கார் மூலவர் மாதிரி ஷெட்டிலேயே குடியிருக்கும், இதில் கேட்க என்ன இருக்கிறது?

இப்போது அந்த ஸ்க்ரூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்புரேட்டரில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. வெளியே திருப்பினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் கூடும், உள்ளே திருப்பினால் குறையும். அந்தக் காலத்து மாடலுக்கு அது எங்கேயும் கிடைக்காமல், டாக்டர் தன் கிளினிக்கில் ஒரு கம்பியைத் தேய்த்துத் தேய்த்து அவரே செய்துகொண்டு வந்தார். முனை ஊசி மாதிரி. முழுக்க மூடினால் முறிந்துவிடும். அதனால் மூடிவிட்டு, திறக்கிற சுற்றை எண்ணி வைக்கிற வசதி அதற்கில்லை. நாலு வாரம் காதை வைத்துக் கேட்டுக் கேட்டு, போன ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு இடத்தில் நிறுத்தினார்கள். இன்ஜின் நன்றாக ஓடியது. "பிரமாதம்!" என்றார்கள் நாலு பேரும். போஸ்ட் மாஸ்டர் 'இந்த ஸ்க்ரூவை யாரும் தொடக் கூடாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பானெட்டின் உள்பக்கம் ஒட்டினார்.

ஆனால் அந்த ஓட்டத்தில் ஒரு சின்னத் தடுக்கல் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் தைத்துக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. நூல் இறுக்கம் சரியில்லாதபோது என் மெஷினும் இப்படித்தான் இடையிடையே குரல் மாறும். அவர்கள் யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நாலு முகமும் அப்படி மலர்ந்திருக்கும்போது யார்தான் சொல்வார்கள்?

திங்கட்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரம் ஷெட்டுக்குப் போனேன். என்னை எது தள்ளியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கிடந்த அந்த இரண்டு நாள் பட்டினிதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் குறி போடுகிற பழக்கத்தில், ஸ்க்ரூ இருந்த இடத்தை நீலச் சாக்பீஸால் கோடு போட்டேன். என் மெஷின் ஸ்க்ரூ டிரைவரால் கால் சுற்று வெளியே திருப்பினேன். ஸ்டார்ட் செய்து பார்க்கத் துணிச்சலில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே நாலு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்கள். தம்பி எல்லோருக்கும் இலவசமாக ஷேவிங் வேறு செய்துவிட்டிருந்தான். என் வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது, கறுப்பாக ஒரு கொத்துப் புகையைக் கக்கியது, அணைந்தது. மறுபடியும் அதேதான். ஐந்தாவது தடவைக்கு பேட்டரி முனக ஆரம்பித்தது. தெரு முனை வரை தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பியும் தள்ளிக்கொண்டே வந்தார்கள். இஸ்திரியெல்லாம் போயே போயிற்று.

அப்புறம் ஆளுக்கு ஆள் நாட்டாமை. பெட்ரோலில் கலப்படம் என்றான் தம்பி. டாக்டர் ஒரு பிளக்கைக் கழற்றினார். கரி அப்பியிருந்தது.

"பெட்ரோல் ஜாஸ்தியா குடிச்சிருக்கு அண்ணே" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

நாலு தலையும் பானெட்டுக்குள் குனிந்து அந்த ஸ்க்ரூவைப் பார்த்தன. டீ கொண்டுபோன நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். ஒரு கால் சுற்றுக்கா இவ்வளவு கேடு?

"யாரு தொட்டது?" என்றார் போஸ்ட் மாஸ்டர். "உண்மையைச் சொல்லிடுங்க. மணி பத்தாகப் போகுது."

டாக்டர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார்.

"செவ்வாக்கிழமை இந்தப் பக்கம் ஒரு பேஷன்டைப் பார்க்க வந்தேன்..."

"பல் டாக்டர் எப்பலேருந்து வீடு வீடா வந்து பல்லு பார்க்கிறார்?" என்றான் தம்பி.

"சும்மா கால் சுத்துதாம்பா. ஒரு தடுக்கல் இருந்துச்சு. உங்க சந்தோஷத்தைக் கெடுக்க வேணாமேன்னு அன்னிக்குச் சொல்லல."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "உங்களுக்கும் கேட்டுச்சா?"

"உங்களுக்கும்னா?"

அவர் அசடு வழிந்தார். "புதன்கிழமை காலைல, பல் விளக்கிக்கிட்டே ஷெட்டுக்குள்ள வந்தேன். கால் சுத்து."

தம்பி தலையைச் சொறிந்தான். "மாமா, நானும் வியாழக்கிழமை அக்காவைப் பார்க்க வந்தேன்ல..."

"டேய், தண்ணி வேணும்னு சொம்போட ஷெட்டுக்குப் போனியே, அதுக்கா?" என்றேன்.

"அரை சுத்துக்கா. நான் எதையும் கொஞ்சம் தாராளமாத்தான் செய்வேன்."

எல்லோரும் போஸ்ட் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நோட்டை எடுத்து விரித்து டாக்டர் கையில் கொடுத்தார். டாக்டர் உரக்கப் படித்தார்: "வெள்ளி, மாலை ஐந்து பத்து. கால் சுற்று, வெளியே. காரணம்: தடுக்கல்."

"சார்! நோட்டீஸ் ஒட்டினதே நீங்கதானே!"

"நோட்டீஸ் உங்களுக்குப்பா."

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் டாக்டர். அப்புறம் நாலு பேரும் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்கள். வண்டி செத்துக் கிடக்கிறது, கெடு நெருங்குகிறது, இதுகள் சிரிக்கின்றன! எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டேன். என் கணக்கு மட்டும் சொல்லப்படாமல் கிடந்ததே.

"கால், கால், அரை, கால். மொத்தம் ஒண்ணேகால்" என்றார் போஸ்ட் மாஸ்டர். "தடுக்கலுக்குக் கால் சுத்து வேணும்தான், நாலு பேருக்கும் கேட்டிருக்கு. அதை விட்டுட்டு ஒரு முழு சுத்து உள்ளே திருப்புங்க."

டாக்டர் குனிந்தவர் நிமிர்ந்தார். "இந்த நீலக் கோடு யாரு போட்டது?"

நான் இல்லை என்றார்கள் நாலு பேரும். என் வீட்டுக்காரர் மட்டும் அந்தக் கோட்டை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். "அது கெடக்கட்டும், திருப்புங்க" என்றார்.

பிளக்கை மாட்டி, தெரிந்தவரிடம் இரவல் பேட்டரி வாங்கி, தம்பியின் ஸ்கூட்டர் சீட்டில் கட்டிக்கொண்டு வந்து பொருத்தினார்கள். இந்தத் தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. அணையவில்லை. ஆனால் சீராகவும் இல்லை. நொண்டிக்கொண்டே ஓடியது. பின்னால் சாம்பல் நிறத்தில் புகை.

"போயிடலாம் மாமா, வழியில சரியாயிடும்" என்றான் தம்பி.

"இந்தப் புகையோட போனா போன தடவை கதைதான். எங்க தப்புன்னு தெரியலையே. கணக்கு சரியாத்தானே இருக்கு" என்றார் போஸ்ட் மாஸ்டர். நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

மணி பத்தேமுக்கால். என் வீட்டுக்காரர் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"விடுங்க" என்றார். "நம்மால முடிஞ்சதைச் செஞ்சோம். ஷெட்டை அவளுக்குத் தரேன்னு சொல்லியிருந்தேன். தந்துடறேன். பாவம், கட்டில் மேல துணியைப் போட்டுக்கிட்டு எத்தனை நாள்தான் கஷ்டப்படுவா."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். சத்தியமாக இருந்திருப்பேன். நான் வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் நின்றால் போதும், இரண்டு ஜன்னலும் என்னுடையவை. ஆனால் அந்த மனுஷன் தோற்று உட்கார்ந்திருக்கும்போதுகூட என் கட்டிலைப் பற்றி அல்லவா பேசினார்? எனக்கு வெட்கமாக இருந்தது. காலி டீத் தட்டை டாக்டர் கையில் திணித்தேன். உள்ளே போய் மெஷின் இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்தேன்.

"அண்ணி, சூடா இருக்கும், கையைச் சுட்டுக்கப் போறீங்க" என்றார் டாக்டர்.

ஓடிக்கொண்டிருந்த இன்ஜினுக்குள் குனிந்தேன். ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பினேன். சரியாகக் கால் சுற்று.

நொண்டல் நின்றது. தடுக்கலும் இல்லை. நல்ல மெஷினில் நீளமான ஓரம் அடிக்கிற மாதிரி, ஒரே சீராக ஒரு சத்தம். போஸ்ட் மாஸ்டர் பின்பக்கம் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். "புகையே இல்லம்மா!" என்று அங்கிருந்தே கத்தினார்.

"திங்கட்கிழமை. பதினோரு மணி" என்றேன். "கால் சுத்து. வெளியே. நோட்டுல எழுதிக்குங்க அண்ணா."

தம்பி வாயில் ஈ போவது தெரியாமல் நின்றான். "அக்கா, நீயா? இந்தக் காரைக் கரிச்சுக் கொட்டினது நீதானேக்கா!"

"கரிச்சுக் கொட்டினா காது கேக்காதாடா?"

என் வீட்டுக்காரர் வாளியிலிருந்து எழுந்து வந்தார். கிரீஸ் கையோடு என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். "உன் சாக்பீஸ்னு அப்பவே தெரியும். உன் வாயால வரட்டும்னு இருந்தேன்" என்றார் மெதுவாக. அப்புறம் பழைய ஷெட் குரலில், "ஏறுங்க எல்லாரும்!" என்றார்.

ஐந்து பேரும் ஏறினோம். பின் கதவை டாக்டர் உள்ளிருந்து பிடித்துக்கொண்டார், இல்லாவிட்டால் திருப்பத்தில் திறந்துகொள்ளும். போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று நாற்பது. அந்தக் கதவுப் பூட்டைச் சரி செய்யாமல் வண்டியை ஓட்டி வந்துவிட்டோமே என்று எனக்குத் திக்கென்றது. தம்பி சோதனை வரிசையிலேயே தன் சீப்பின் முனையை உடைத்துப் பூட்டுக்குள் சொருகினான். கதவு கப்சிப் என்று நின்றுகொண்டது.

அதே அதிகாரிதான். எங்களைப் பார்த்ததும் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பிரேக் பார்த்தார், விளக்குப் பார்த்தார், கதவையும் இழுத்துப் பார்த்தார். கடைசியில் சைலன்சருக்குள் குழாயைச் செருகினார். புகை மீட்டரின் முள் எழுந்தது, பாதி வழியில் யோசித்தது, இறங்கிப் பச்சைக்குள் உட்கார்ந்தது. அவர் மீட்டரை இரண்டு தட்டுத் தட்டினார். முள் அசையவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"யாருங்க மெக்கானிக்? படிவத்துல எழுதணும். ஒரு பேருதான் எழுதலாம்."

மூன்று வருடமாக எல்லாவற்றுக்கும் சண்டை போட்ட நாலு பேரும் இதற்கு மட்டும் சண்டை போடவில்லை. என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கி என் பெயரை எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி பக்கத்து சீட்டிலிருந்து கை நீட்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான், வீடு வரும் வரை.

வீட்டு வாசலில் காரைத் தெருவோரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார் அவர்.

"ஏங்க, ஷெட்டுக்குள்ள விடலையா?"

"பாஸான வண்டிம்மா. தெருவுலயே நிக்கும், எவனும் தூக்க முடியாது" என்றார். "ஷெட்டைக் காலி பண்ணித் தரேன். ஞாயித்துக்கிழமை மட்டும் எங்களுக்கு ஒரு மூலை குடு."

அன்று மத்தியானமே நாலு பேரும் என் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எந்த ஜன்னலுக்குக் கீழே போடுவது என்று அரை மணி நேரம் வாக்குவாதம். நான் துணியை எடுத்துக்கொண்டு வந்து, அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, முதல் தையலை ஓட்டினேன். சத்தம் மாறியிருந்தது. நின்று, நூல் இறுக்குகிற ஸ்க்ரூவைப் பார்த்தேன்.

"யாரு தொட்டது?" என்றேன்.

நாலு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.