வீட்டில் தடை செய்த சொல்

"ரெண்டுமே சிதைஞ்சிடுச்சு. தடயம் மட்டும்தான் இருக்கு" என்று உள்ளறையில் தங்கை சொன்னது காதில் விழுந்தது. அடுப்பில் பால் பொங்கட்டும் என்று விட்டுவிட்டு ஓடினேன். ஏற்கெனவே இரண்டு கருச்சிதைவு அவளுக்கு. இது மூன்றாவது கர்ப்பம், பன்னிரண்டாவது வாரம். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற நான், பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு அவளுக்குத் துணையாக வந்திருக்கிறேன்.

மகாராணியோ கட்டிலில் சாய்ந்து, லேப்டாப்பைப் பார்த்தபடி தன் இயற்பியல் ஆய்வகத்து ஆளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா, பாட்டம் குவார்க்னு அணுவைவிடச் சின்னத் துகள். ஜோடியா பிறக்கும். ஒரு நொடியை லட்சம் கோடியா பிரிச்சா, அதுல ஒண்ணரைப் பங்கு நேரம்தான் இருக்கும். அதுக்குள்ள சிதைஞ்சிடும்."

எனக்கு வந்த கோபத்தில் போனைப் பிடுங்கி எறிந்திருப்பேன். "நாசமாப் போற உன் குவார்க்குக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?"

அவள் போனை அணைத்து வைத்தாள். "உண்மையில அது உடையறதில்ல. வேற குவார்க்கா மாறுது, அவ்வளவுதான்" என்றாள்.

"அப்ப மாறிடுச்சுன்னு சொல்லு. 'சிதைஞ்சிடுச்சு'ங்கிற வார்த்தை இனிமே இந்த வீட்டுல கூடாது."

சொல்லியிருக்கவே கூடாது. இரண்டே நாளில் 'மாறிடுச்சு' என்று கேட்டாலும் எனக்கு 'சிதைஞ்சிடுச்சு' என்றே பட்டது. நிலையத்தில் "நடைமேடை மாற்றப்பட்டுள்ளது" என்று படிக்கும்போது என் குரலே தடுமாறியது. மேலாளர், "தொண்டை சரியில்லையா?" என்றார். மனசு சரியில்லை என்று அவரிடம் சொல்லவா முடியும்?

வெள்ளிக்கிழமை ஸ்கேன். டாக்டரம்மா திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு, கருவியை வயிற்றின் மேல் நகர்த்தி நகர்த்தி அளந்தார். போன இரண்டு கர்ப்பத்தின்போதும் இப்படித்தான் பேசாமல் இருந்தார். தங்கை என் விரல்களை நெரித்தாள்.

"மாறிடுச்சேம்மா" என்றார் டாக்டரம்மா.

"என்ன மாறிடுச்சு?" என்று கேட்டது நானா அவளா, தெரியவில்லை.

"பிரசவத் தேதிதான். நாம நினைச்சதைவிட ஒரு வார வளர்த்தி கூடுதலா இருக்கு." திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "துடிப்பு கேக்குதா?"

கேட்டது. படபடவென்று கேட்டது.

"வர்ற நேரம் மாறிடுச்சுன்னு அறிவிப்பு குடேன், அக்கா" என்றாள் தங்கை, அழுதுகொண்டே சிரித்து.

தினமும் நூறு ரயிலுக்கு அறிவிப்புச் சொல்கிற வாய். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்பதோடு நின்றுவிட்டது.